வாசலில் கெமா, நெஞ்சில் கேமரா

நகரத் திட்டமிடல் படித்தவர்களோடு சேர்ந்து தெருவில் நடக்காதீர்கள். பத்தடிக்கு ஒருமுறை நிற்போம். "இந்த நடைபாதையில் குழந்தை வண்டி போகுமா, சொல்லுங்கள்" என்போம். நீங்கள் பசியோடு நிற்பீர்கள். நாங்கள் விளக்குக் கம்பத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். உலகத்துத் தெருக்களையெல்லாம் திருத்தத் தெரிந்த எங்களுக்குப் புரியாத ஒரே தெரு, சொந்த வீட்டு வாசலில் இருப்பதுதான். இதை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பல நாட்டு வல்லுநர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்க, நானே என் வாயால் நிரூபித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் மலேசியாவில், ஈப்போ டவுனில் ஒரு சின்னத் திட்டமிடல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் 'மனிதர்களுக்கான நகரம்' என்று பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பு வாங்கியவளுக்கு அங்கே கொடுத்த வேலை, வாகன நிறுத்துமிடம் வரைவது. கோடு, கோடு, இன்னொரு கோடு. நடுவில் ஒரு மரத்தை வரைந்தால் என் முதலாளி லியோங் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பார். "தர்ஷினி, இந்த மரம் எத்தனை கார் சாப்பிடுது?" என்று ஆங்கிலத்தில் கேட்பார் (அவர் பேசுவது எப்போதும் ஆங்கிலம்தான்). மரம் போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் இணையவழி மாநாடு ஒன்றின் அறிவிப்பு வந்தது. பல நாட்டு நகரத் திட்டமிடுபவர்கள் சேர்ந்து நடத்துவது. சின்ன நகரங்களிலிருந்து இளம் திட்டமிடுபவர்கள் ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டு பேச வேண்டும். மூன்று நகரங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வாகும் நகரத்தோடு மற்ற நாட்டு ஆட்கள் ஒரு வருஷம் திரை வழியாகவே சேர்ந்து வேலை செய்வார்கள்.

நான் எடுத்துக்கொண்டது ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவையேதான். சாயங்கால நேரத்தில் காரை நிறுத்திவிட்டுத் தெருவைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் விட்டுவிடுவது. இதுதான் என் திட்டம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தலைப்பு போட்டிருந்தேன்: 'தெரு மனிதர்களுக்கு, கார்களுக்கு அல்ல.'

லியோங் அதைப் படித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். "தேர்வானா ஒரு வருஷம் நீ கார் பார்க் பக்கமே வர வேண்டாம். தேர்வாகலன்னா லகாட் வேலை உனக்கு."

லகாட் என்பது, முன்பு கித்தா காடாக, அதாவது ரப்பர்த் தோட்டமாக இருந்து, பிறகு செம்பனையாகி, இப்போது பேரங்காடியாகப் போகிற ஒரு நிலம். அதில் அங்காடியைவிடப் பெரியது அதன் கார் பார்க். அந்த வரைபடத்தை விரித்தால் என் மேசையில் டீ வைக்க இடம் இருக்காது. ஆக, எனக்கு முன்னால் இரண்டு வழி: ஒரு பக்கம் உலகம், மறுபக்கம் கோடு.

இங்கே பக்கத்து வீட்டு சரோஜா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலை நடத்துகிறவர். மகள் பெயர் மீனா. எங்கள் வரிசை வீடுகளுக்கு அவர்தான் தலைவர் (தேர்தல் எதுவும் நடக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்ட பதவி). மாநாட்டுக்குப் பல வாரம் முன்னால் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, மீனாவுக்கு நலங்கு வைக்கிறோம். சடக்க அடைச்சி கெமா போடணும். உங்க வூட்டு வாசல் வரைக்கும் வரும். சூசா ஒண்ணும் இல்லியே?"

எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ, வீட்டுக்கு முன்னால் தெருவை மறித்துக் கூடாரம் போடுவோம். அதற்குக் கெமா என்று பெயர். கெமா போடுகிறவர் வீடு வீடாகப் போய், தொந்தரவு இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கேட்கப்படுகிறவர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் சம்பிரதாயம். மூன்று சொல்லில் முடிய வேண்டியது.

நான் மூன்று சொல்லில் முடிக்கிற ஆளா?

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? சடக்கு யாருக்கு? மனுசனுக்கா, காருக்கா? நம்ம சடக்குல நாம கெமா போட யாரு கேக்குறது? கார்க்காரன் வேணும்னா சுத்திப் போவட்டும்லா. வெளிநாட்டுல இதுக்காகவே மாநாடு நடத்துறாங்க, தெரியுமா?"

அதோடு விட்டேனா? கேட்டின் மேல் சாய்ந்துகொண்டு, கார் வந்து மனிதனைத் தெருவிலிருந்து துரத்திய வரலாற்றை அவருக்கு ஒரு பாடமாகவே நடத்தினேன். சரோஜா அக்கா கையிலிருந்த கீரைக்கட்டு வாடும்வரை கேட்டார். போகும்போது "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார். நடுவில் எங்கேயோ தேதியும் சொன்னார். நான் பேசிக்கொண்டிருந்ததால் அது என் காதில் விழவில்லை.

அழைப்பிதழாவது பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அம்மா அதைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். மாநாட்டு நிகழ்ச்சி நிரலை அச்செடுத்துக் கொண்டுவந்த நான், அதே காந்தத்தை எடுத்து, அழைப்பிதழை மறைத்து அதன் மேலேயே ஒட்டினேன். தினமும் தண்ணீர் எடுக்கும்போதெல்லாம் என் பெயரைப் படித்துப் பூரிப்பேன். பின்னால் மீனாவின் பெயரும் அதே தேதியும் ஒளிந்திருந்தன.

மாநாடு சனிக்கிழமை. எங்களுக்குச் சாயங்காலம், ஐரோப்பாவுக்குக் காலை, பெரு நாட்டு லீமாவிலிருந்து பேசிய ரமிரோவுக்கு விடியாத பொழுது. பாவம், அவர் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். தலைமை தாங்கியவர் மரைக்கே என்ற டச்சுப் பெண்மணி. நகரங்களைப் பற்றி அவர் சொன்னால் மந்திரிகளே குறிப்பெடுப்பார்கள் என்று கேள்வி. சிரிக்காத முகம். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்.

விதிமுறை இதுதான். காட்சிப் பக்கங்களை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். அவர்களே திரையில் போடுவார்கள். நாம் மடிக்கணினியிலிருந்து பேச வேண்டும். கடைசியில் கைப்பேசியையும் இணைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நேரலையில் காட்ட வேண்டும்.

கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் கையை நீட்டிப் பேச முடியாதே என்று எனக்குக் கவலை (கையை நீட்டாமல் எனக்குப் பேச்சு வராது). ஆகவே ஆபீஸ் அடையாள அட்டையின் கழுத்துப் பட்டையில் கைப்பேசியை, கேமரா வெளியே பார்க்கும்படி கட்டி, நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டேன். எதிரொலி வராமல் இருக்க அதன் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி இரண்டையும் அடைத்தேன். காதில் மாட்டியது மடிக்கணினியின் ஹெட்செட். இந்த ஏற்பாட்டைச் செய்து முடித்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரமிரோ பேசி முடித்தார். பத்து நிமிஷ இடைவேளை, அதன் பிறகு நான். மரைக்கே என் முதல் பக்கத்தைத் திரையில் ஏற்றினார். பக்கத்திலேயே என் கைப்பேசிக் காட்சியைப் பெரிதாக வைத்தார். "உன் கைப்பேசியின் ஒலிவாங்கியைத் திறந்து வை, தெருச் சத்தம் தெளிவாக வருகிறதா என்று பார்ப்போம்" என்றார். திறந்தேன். "வருகிறது. ஏதோ இரும்பு இடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறதே?" என்றார்.

எனக்கும் கேட்டது. வாசல் பக்கமிருந்துதான். என்ன சத்தம் என்று திரும்புவதற்குள் டப் என்று ஒரு வெடி. விளக்கு போயிற்று. காற்றாடி நின்றது. இணையப் பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன. காதில் மரைக்கேயின் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. எரிந்த பிளாஸ்டிக் வாடை வந்தது.

"அண்ணே! என்னாச்சி?"

அண்ணன் குமார் சமையலறையிலிருந்து கையில் கருகிய ஒரு பிளக்கோடு வந்தான். "வைஃபை பெட்டியோட பிளக்கு அவுட்டு. கெமாக்காரங்க நம்ம வூட்டுலேருந்து வயரு இழுத்து அஞ்சாறு பெரிய காத்தாடிய ஒண்ணா போட்டுட்டானுங்க போல. தாங்குமா?"

"கெமாவா? என்னா கெமா?"

"மீனா நலங்குலா. இன்னிக்குத்தானே. எந்த ஊர்ல இருக்க நீ?"

இடைவேளை முடிய இன்னும் சில நிமிஷம். இணையம் போய்விட்டது, ஆகவே மடிக்கணினியும் கைப்பேசியும் மாநாட்டிலிருந்து வெளியே விழுந்துவிட்டன என்று முடிவு கட்டினேன். நெஞ்சில் தொங்குகிற கைப்பேசியைத் திருப்பிப் பார்த்திருந்தால், அது என்னைவிட அறிவாளி என்பது தெரிந்திருக்கும். வீட்டு இணையம் போனதுமே அது தானாக டேட்டாவுக்கு மாறிக்கொண்டு, தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. மாறாக, அப்பாவின் கார்ச்சாவியை எடுத்தேன். ஆபீஸுக்குப் போய்விட்டால் அங்கே இணையம் இருக்கிறது. விரட்டினால் நேரத்துக்குப் போய்விடலாம். இதுதான் திட்டம். வெளியே ஓடினேன்.

வாசலில் உலகமே நின்றது. எங்கள் கேட்டுக்கு நேராக ஒரு இரும்புத் தூண். அதைத் தாண்டி இன்னொன்று. அதற்குப் பின்னால் அடுக்கிய சிவப்பு நாற்காலிகள், இரண்டு அண்டா, ஒரு மூட்டை வெங்காயம், அலங்கார வளைவு ஒன்று. நீலமும் வெள்ளையுமாக ஒரு கூரை, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை தெருவை முழுசாக விழுங்கியிருந்தது. அப்பாவின் கார் இந்த வியூகத்துக்குள் சாதுவாக நின்றது. நடுவில் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சரோஜா அக்கா.

"அக்கா! யாரக் கேட்டு எங்க வூட்டுல வயரு இழுத்தீங்க?"

"உங்கம்மாவத்தாம்மா கேட்டேன்."

பின்னாலிருந்து அம்மா, கையில் மஞ்சள் தட்டோடு: "நாந்தான் குடுக்கச் சொன்னேன். நல்ல காரியத்துக்குக் கரண்டு குடுக்கலன்னா நாளைக்கி நமக்கு யாரு குடுப்பா?"

"சரி, இந்தத் தூண எடுக்கச் சொல்லுங்க. நான் காரு எடுக்கணும்."

"நட்ட தூணப் புடுங்குறதா?" சரோஜா அக்கா நெஞ்சில் கை வைத்தார். "நலங்கு முடியறதுக்குள்ள கெமா தூண அசைக்கக்கூடாது பாப்பா. மீனா வாழப்போற புள்ள."

"அப்ப காரு எப்படிப் போவும்?"

"கார எதுக்கு இப்ப எடுக்குற? நடந்து போயேன்."

"டவுனுக்கா? நடந்தா?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத உயரத்துக்குப் போயிருந்தது. "அக்கா, சடக்கு எதுக்குக்கா போட்டிருக்கு? காரு போறதுக்குத்தானே? நீங்க பாட்டுக்கு நடு சடக்குல வெங்காய மூட்டைய வெச்சா?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். கெமாக்காரர் ஒருவர் சுத்தியலை இறக்கினார். சரோஜா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, நீதானே சொன்ன? சடக்கு மனுசனுக்கு, காருக்கு இல்லன்னு? கேட்டப் புடிச்சிக்கிட்டு அவ்ளோ நேரம் சொன்னியே? எதிர்வூட்டு அண்ணன் மொதல்ல வேணாம்னாரு. உன் பேச்சத்தான் அப்படியே ஒப்பிச்சி சம்மதம் வாங்குனேன். கார்க்காரன் சுத்திப் போவட்டும்னியேம்மா!"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஐயோ அக்கா, அது மாநாட்டுக்குச் சொல்றது! வூட்டு வாசல்ல அதெல்லாம் ஆவாது! இப்ப எனக்குக் காரு வேணும்லா!"

நிறுத்தியிருக்கலாம். என்னைத் தெரிந்தவர்கள் அந்த நம்பிக்கையை என்றோ விட்டுவிட்டார்கள்.

"அங்க ஒரு வெள்ளக்காரம்மா கஞ்சி போட்ட சட்ட மாரி மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கு. ஒரு நிமிசம் லேட்டானா என் பேர வெட்டிடும். நான் காலம்பூரா கார் பார்க் வரைஞ்சிக்கிட்டே சாவணும். உங்களுக்கு என்னா, நலங்கு!"

அம்மாவின் கைப்பேசி அடித்தது. அம்மா எடுத்து, கேட்டு, முகம் மாறி, என்னிடம் நீட்டினார். "உங்க பாஸு."

ஆபீஸில் அவசரத் தொடர்புக்கு அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். இதைவிடப் பெரிய அவசரம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. லியோங் மெதுவாக, மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் பேசினார். அவர் மரியாதையாகப் பேசினால் ஆபத்து என்று அர்த்தம்.

"தர்ஷினி. நான் மாநாட்டைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பாஸ், லைன் போயிடுச்சி பாஸ், நான் இப்பவே..."

"போகல. உன் நெஞ்சைத் திருப்பிப் பாரு."

திருப்பினேன். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். எல்லோரும் திரைக்கு மிக அருகில் வந்திருந்தார்கள். ரமிரோ போர்வையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டத்தில் என் முதல் பக்கம், கொட்டை எழுத்தில்: 'தெரு மனிதர்களுக்கு, கார்களுக்கு அல்ல.' அதன் பக்கத்தில், சற்று முன்வரை, கார் வேண்டும் என்று நான் கத்திய தெரு.

தமிழில்தானே கத்தினோம், இவர்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று ஒரு கணம் ஆறுதல் பட்டேன். அந்தக் கணம் உரையாடல் பெட்டியைப் பார்க்கும்வரை நீடித்தது. கோயம்புத்தூரிலிருந்து சிவராமன் என்று ஒருவர் கலந்துகொண்டிருந்தார். யாரும் கேட்காமலே, ஒரு வரி விடாமல், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருந்தார் அந்தப் புண்ணியவான்.

'திட்டமிடுபவர் கேட்கிறார்: சாலை கார்கள் செல்வதற்காகத்தானே உள்ளது?'

'அண்டை வீட்டார் நினைவூட்டுகிறார்: சாலை மனிதர்களுக்கு என்று நீயே சொன்னாய்.'

'திட்டமிடுபவர்: அது மாநாடுகளில் சொல்வதற்கானது. வீட்டு வாசலில் நடைமுறைப்படாது. எனக்கு இப்போது கார் தேவை.'

'இறுதியில் வரும் "லா" ஒரு வலியுறுத்தும் ஒலி என்று கருதுகிறேன். மலேசிய நண்பர்கள் உறுதிப்படுத்தவும்.'

அதற்குக் கீழே லியோங் எழுதியிருந்தார்: 'ஆம், சரி.' அந்தச் சர்வதேச மாநாட்டுக்கு எங்கள் அலுவலகத்தின் மொத்தப் பங்களிப்பு அந்த இரண்டு சொல்தான்.

கஞ்சி போட்ட சட்டையையும் சிவராமன் விட்டுவைக்கவில்லை. அதற்கு விளக்கக் குறிப்பு வேறு எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பில் நேர்மை வேண்டும்தான், இவ்வளவு வேண்டாம்.

கைப்பேசியின் ஒலிபெருக்கியைத் திறந்தேன். மரைக்கேயின் குரல் வந்தது. "தர்ஷினி, நீ நிறுத்த வேண்டாம். இந்தத் தெருவை யார் அடைத்தது? நகராட்சியா, அக்கம்பக்கத்தாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா அக்கா கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். நானும் கூடவே போனேன் (பட்டை என் கழுத்தில்தானே இருந்தது). "யாரு பாப்பா இவங்கள்லாம்? இந்தப் போர்வ போத்துன தம்பிக்குக் காய்ச்சலா?"

"எல்லாரும் வெளிநாட்டு ஆளுங்கக்கா. விடுங்கக்கா, ப்ளீஸ்."

"விருந்தாளியா? அத மொதல்லயே சொல்ல மாட்டியா?" அக்கா கேமராவுக்கு நேராகக் கும்பிட்டார். "வாங்க, வாங்க. சாப்பிட்டீங்களா? ஏழு மணிக்கு நலங்கு. எல்லாரும் குடும்பத்தோட வந்துடணும்." சிவராமன் இதையும் மொழிபெயர்த்தார். ரமிரோ லீமாவிலிருந்து கைகூப்பினார்.

அதற்குப் பிறகு நடந்தது என் கையில் இல்லை. கெமாவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்; அக்கா என்னைத் தாங்கு கம்பமாக வைத்துக்கொண்டு காட்டினார். கார்க்காரர்கள் எந்தப் பக்கம் சுற்றிப் போகிறார்கள் என்று கேட்டார்கள். அண்ணன் போய் நின்று கையை வீசிக் காட்டினான். ஒரு சமயம் ரமிரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடி ரொட்டிக் கடைக்குத் தான் காரில்தான் போவதாக ஒப்புக்கொண்டார். உடனே ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் வீட்டுக்கு முன்னால் மிதிவண்டிப் பாதை வரவிடாமல் மனுப் போட்டவராம். சிவராமன் தன் பங்குக்கு, தினமும் நடைபாதையில்தான் ஸ்கூட்டரை நிறுத்துவதாக எழுதினார் (இதை மட்டும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்). மரைக்கே சிரித்தார். கஞ்சி கலைந்தால் அந்த முகம் நன்றாகத்தான் இருந்தது.

நேரம் முடிந்தது. நான் வாரக்கணக்கில் உருவாக்கிய காட்சிப் பக்கங்களில் திரையேறியது முதல் பக்கம் ஒன்றுதான். அதுவும் எனக்கு எதிர்ச்சாட்சியாக.

'எல்லோரும் ரசித்தார்கள் என்றால் உன்னைத் தேர்ந்தெடுத்திருப்பார்களே' என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று ராத்திரி நலங்கில் மீனாவுக்குச் சந்தனம் பூசும்போதுகூட, மனசுக்குள் லகாட் வரைபடத்தைச் சுருட்டி மேலே வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. மூன்று நகரங்கள்; ஈப்போ அதில் இல்லை. மரைக்கே தனியாக எழுதியிருந்தார்: 'எங்கள் மாநாடுகளிலேயே மறக்க முடியாத அரைமணி நேரம் உங்களுடையது. ஆனால் மதிப்பெண் இடுவதற்கு உங்கள் திட்டத்தை நீங்கள் பேசவே இல்லை. விதி விதிதான்.' அடுத்த ஆண்டு மாநாட்டில் திட்டமிடுபவர்கள் தங்கள் சொந்தத் தெருவைப் பற்றி உண்மை பேசுவதற்கென்றே ஓர் அமர்வு வைக்கப்போகிறார்களாம். அதன் பெயர் 'அது மாநாட்டுக்குச் சொல்வது'. அதை நான் துவக்கி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். என் வாயால் வந்த பெருமை இது. போட்டிக்குத் தகுதியில்லை, தலைப்புக்குத் தகுதி.

திங்கட்கிழமை காலை லகாட் வரைபடம் என் மேசையில் விரிந்திருந்தது. டீ வைக்க இடமில்லை. லியோங் தலையை மட்டும் நீட்டினார். "உனக்குத்தான் கார்னா உயிராச்சே" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாக்குறுதி கொடுக்க முடிவதில்லை. அப்பா "நாளையிலேருந்து சீனியக் கொறைக்கிறேன்" என்றால், அம்மா கேட்பது: "நெசமாவா, மாநாட்டுக்கா?" அண்ணன் மோட்டர் சைக்கிளைக் கழுவிவைக்கிறேன் என்றாலும் அதே கேள்வி. இப்போது எங்கள் வரிசை முழுக்க இது பரவிவிட்டது. தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளர், எங்கள் தெருச் சாக்கடையைச் சரிசெய்து தருவதாகச் சொன்னபோது, சரோஜா அக்கா அவரிடமும் இதையே கேட்டாராம். அவருக்குப் புரியவில்லை. புரியாமலே "ஆமாம்" என்றாராம்.

போன வருஷம் அண்ணனுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு நலங்கு; எங்கள் கெமா. வீடு வீடாகப் போய்ச் சம்மதம் கேட்கும் பொறுப்பை அம்மா வேண்டுமென்றே என்னிடம் கொடுத்தார்.

முதல் வீடே சரோஜா அக்காவுடையது. "அக்கா, சடக்க அடைச்சி கெமா போடணும். சூசா இல்லியே?"

அக்கா கேட்டின் மேல் சாய்ந்துகொண்டார். நான் அன்றைக்குச் சாய்ந்த அதே மாதிரி. "அதெப்படி பாப்பா? சடக்கு காரு போறதுக்குத்தானே போட்டிருக்கு?" என்று ஆரம்பித்து, நான் கத்தியதை ஒரு சொல் விடாமல், என் குரலிலேயே பாடி முடித்த பிறகுதான் சம்மதம் கொடுத்தார். எதிர்வீட்டு அண்ணன் பாதியிலிருந்து தொடர்ந்தார். மூன்றாவது வீட்டில் மனைவி சரோஜா அக்காவாகவும் கணவர் நானாகவும் நடித்துக் காட்டினார்கள். வரிசையின் கடைசி வீட்டுக்காரர்கள் அதற்கு முந்தைய மாதம்தான் குடிவந்தவர்கள். அவர்களாவது சும்மா விடுவார்கள் என்று நினைத்தேன். "ஓ, நீங்கதானா அது?" என்றார்கள்.

நலங்கன்று லியோங்கையும் அழைத்திருந்தேன். தெரு அடைத்திருக்கிறது என்று தெரியாமல் கெமாவின் முனை வரை காரைக் கொண்டுவந்துவிட்டார். கண்ணாடியை இறக்கி, எங்கே நிறுத்துவது என்று கேட்டார்.

எனக்கு இதைவிடச் சந்தர்ப்பம் எப்போது கிடைக்கும்? நிமிர்ந்து நின்றேன். "பாஸ், பெரிய ரோட்டுல நிறுத்திட்டு நடந்து வாங்க. தெரு மனிதர்களுக்கு, கார்களுக்கு அல்ல."

அவர் முனகிக்கொண்டே திரும்பிப் போனார். கால்மணி நேரம் கழித்து, சட்டை முழுக்க வியர்வையோடு, கையில் அன்பளிப்பு உறையோடு நடந்து வந்தார். சரோஜா அக்கா அவரை முதல் வரிசையில் உட்காரவைத்து, ரோஸ் சிரப்புத் தண்ணீர் கொடுத்து, காதோடு ஏதோ சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் லகாட் வரைபடத்தில் துணிந்து ஒரு வேலை செய்தேன். நுழைவாயில் பக்கம் இரண்டு வரிசைக் கார்களை அழித்துவிட்டு, மரம் வைத்து, நடுவில் காலி இடம் விட்டேன். லியோங் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"இது என்னா?"

"கெமா போட, பாஸ். கார் இல்லாத இடம். மனிதர்களுக்கு."

அவர் ரொம்ப நேரம் அந்தக் காலி இடத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் தமிழில் ஒரு சொல் பேசாதவர், வாயை மெதுவாகக் கூட்டி, எழுத்தெழுத்தாகக் கேட்டார்:

"மா... நாட்... டுக்கா?"